நிரற்கல்வியும் நம் கடமையும்
(குன்னூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

மலையிற் பிறந்த நம் பிள்ளைகள் உயர்கல்வி வேண்டிச் சமவெளிக்கு இறங்குதல் நெடுநாள் வழக்கம். 1955-ல் உதகையில் அரசினர் கலைக்கல்லூரி தோன்றிய பின்னும் அவ்வழக்கம் முற்றும் நீங்கிற்றில்லை. விடுதிச் செலவுக்கு அஞ்சி எத்தனை பெண்மக்களின் படிப்பைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தினோம் என்பதை நாமே அறிவோம்.

இன்று ஒரு வாயில் திறந்திருக்கின்றது. சென்னை ஐ.ஐ.டி. 2021 முதல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பு நடத்துகின்றது. அதற்கு ஜே.இ.இ. தேர்வு கட்டாயமன்று. நான்கு வாரப் பாடங்களைக் கற்றுத் தகுதித்தேர்வில் தேறினால் சேரலாம். பாடம் வீட்டில்; பரீட்சை நேரில். வருமானம் குறைந்தோர்க்கு விதிப்படி கட்டணச் சலுகையும் உண்டு.

நிரல் எழுதுதல் மந்திரவித்தையன்று. அதன் முதற்பாடம் சீட்டுக்களைக் கொண்டே தொடங்குகின்றது. நம் தேயிலை எடைச் சீட்டுக்களை நினையுங்கள். மொத்தத்தைப் பூச்சியமாக வைத்து, ஒவ்வொரு சீட்டாய் எடுத்து, எடையைக் கூட்டி, சீட்டுத் தீர்ந்ததும் நிறுத்துகின்றோம். அவ்வொழுங்கே நிரல். பின்னர் அதனையே பைத்தான் மொழியில் எழுதப் பழக்குகின்றனர்.

எனினும், பாடம் ஆங்கிலத்தில். கணிதமும் உடன் வரும். மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்படும். தனித்திருந்து கற்போர் இடையில் தளர்வது இயல்பு. ஆதலின், சங்கக் கட்டடத்தில் ஓர் அறை, இரண்டு கணினிகள், வாரம் இருமுறை வழிகாட்ட மூத்த மாணாக்கர் ஒருவர் ஆகிய இம்மூன்றையும் நாம் அளித்தல் வேண்டும். ஒரு விவாகத்தின் பந்தற்செலவு இதற்குப் போதும். இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக!