பூம்பாறைக்கு மேல யாரு, கீழ யாரு: பழனி மலையின் பண்ணை வாழ்க்கை

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோட்ல ஐரோப்பாவோட நிலவுடைமைக் காலத்தைப் பத்திப் பேசினோம். கோட்டை, பிரபு, குதிரை வீரன் எல்லாம் வந்துச்சு. அதுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: "நம்ம ஊர்ல இதெல்லாம் இருந்துச்சா?"

அதனால இன்னைக்கு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு இடத்துக்குப் போறோம். கொடைக்கானல். அங்கே ஏரி, பில்லர் ராக்ஸ் எல்லாம் முடிச்சுட்டு, மன்னவனூர் போற வழியில பூம்பாறை வியூ பாயிண்ட்ல வண்டிய நிறுத்தி போட்டோ எடுத்திருப்பீங்க. படிப்படியா இறங்குற வயல், நடுவுல கொத்தா வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில், மலைப்பூண்டு. அந்தப் படிக்கட்டு வயல்ல விளைஞ்சது யார் வீட்டுக்குப் போச்சு, யாரோட முதுகு வளைஞ்சது, அதுதான் இன்னைக்குத் தலைப்பு.

முதல்ல ஐரோப்பாவை ஒரு நிமிஷத்துல ரீகேப் பண்ணிடுவோம். இங்கிலாந்துல ஒரு பண்ணையடிமை பிரபுவோட நிலத்துல வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் சும்மா உழைக்கணும். மீதி நாள்ல தனக்குன்னு விட்ட துண்டு நிலத்துல விவசாயம். பொண்ணுக்குக் கல்யாணம்னா பிரபுவுக்குக் காசு கட்டணும். அனுமதி இல்லாம ஊரை விட்டுப் போக முடியாது. இதுல முக்கியமான பாயிண்ட் கடைசிதான். போக முடியாது.

இப்போ நம்ம பக்கம். இந்தியாவுல 'ஃபியூடலிசம்' இருந்துச்சான்னு வரலாற்று ஆசிரியர்கள் நடுவுல பெரிய சண்டையே நடந்திருக்கு. ஆர். எஸ். சர்மா 1965-ல 'இருந்தது'ன்னு ஒரு புத்தகமே எழுதினார். ஹர்பன்ஸ் முகியா 1981-ல அதைக் கேள்வி கேட்டார். பெயரை அவங்க முடிவு பண்ணட்டும். உழைச்சவனோட நாள் எப்படி இருந்துச்சுங்கறதை நாம பார்க்கலாம்.

சோழர் காலக் கல்வெட்டுகள்ல வரிகளோட பட்டியல் நீளமா வரும். கடமை, குடிமை, அந்தராயம்னு போகும். அதுல ஒண்ணு 'வெட்டி'. கூலி இல்லாம செய்ய வேண்டிய கட்டாய வேலை. நாம இன்னைக்கு சாதாரணமா 'வெட்டி வேலை'ன்னு சொல்றோமே, அதே சொல் அன்னைக்கு ஒருத்தனோட உடம்பு மேல போட்ட வரி.

அடுத்து 16-ஆம் நூற்றாண்டு. மதுரை நாயக்கர் ஆட்சியில விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையமா பிரிச்சாங்கன்னு சொல்லுவாங்க. பாளையக்காரர் அரசருக்குக் கப்பம் கட்டணும், போர்னா படை அனுப்பணும், அதுக்குப் பதிலா நிலத்தோட வருமானத்தை வாங்கிக்கலாம். நிலத்துக்குப் பதிலா படைச் சேவை. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதைப் பார்த்ததும் தங்க ஊர் பிரபுக்கள் ஞாபகம் வந்ததுல ஆச்சரியமே இல்லை.

பழனி மலைக்குக் கீழேயே பழனி, ஆயக்குடி, விருப்பாச்சி பாளையங்கள் இருந்துச்சு. விருப்பாச்சி கோபால நாயக்கரை நமக்குத் தெரியும். கம்பெனிக்கு எதிரா நின்னு 1801-ல தூக்குல போடப்பட்டவர். அவரைக் கொண்டாடுறது சரிதான். ஆனா பாளையம்னா பாளையக்காரர் மட்டும் இல்லை. அந்தப் படைக்குச் சோறு போட்ட வயலும் சேர்ந்ததுதான்.

இப்போ மலை ஏறுவோம். 1868-ல ஜே. எச். நெல்சன் மதுரை மாவட்டத்தைப் பத்தி ஒரு பெரிய கையேடு எழுதினார். 1906-ல டபிள்யூ. பிரான்சிஸ் அதே மாவட்டத்துக்கு கெசட்டியர் எழுதினார். இவங்க பதிவு பண்ணின கதை இது: மலை மேல விவசாயம் பண்ற குன்னுவர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன்னாடி கோவைப் பக்கத்துச் சமவெளியில இருந்து ஏறி வந்தவங்க. அவங்களுக்கு முன்னாடியே மலையில இருந்தவங்க புலையர்கள். காலப்போக்குல நிலம் குன்னுவர் கைக்குப் போச்சு. புலையர்கள் அந்த நிலத்துலயே பரம்பரைப் பண்ணையாட்களா ஆனாங்க.

அடுக்கைக் கவனிங்க. மேல அரசர், அடுத்து பாளையக்காரர், அடுத்து ஊர்த் தலைவரான மன்னாடி, அடுத்து நிலம் வச்சிருந்த விவசாயி, கடைசியில நிலமே இல்லாம உழைச்ச ஆள். நடுவுல இருந்த குன்னுவர் விவசாயியும் மேல கட்டிக்கிட்டுத்தான் இருந்தார். அவரும் குளிர்ல, சரிவுல கஷ்டப்பட்டவர்தான். ஆனா அவருக்குக் கீழ ஒரு ஆள் இருந்தார். அந்த ஆளுக்குக் கீழ யாரும் இல்லை. 'விவசாயி'ன்னு ஒரே சொல்லைப் போட்டா இந்த வித்தியாசம் மறைஞ்சு போயிடுது.

சரி, சங்கிலி இல்லை, மதில் இல்லை, சுத்தி காடுதான். அப்புறம் ஏன் ஓடிப் போகலை?

தமிழ்நாட்டுப் பண்ணையாள் முறை முழுக்க இதுக்கு ஒரே மாதிரி பதில்தான் இருக்கு. கூலி காசா வராது, தானியமா வரும். படிக் கணக்குல கூலி வாங்குறதாலதான் 'படியாள்'னு பேரு. தானியத்தைச் சேர்த்து வச்சு நிலம் வாங்க முடியாது. வீட்ல கல்யாணம்னா பண்ணைகிட்ட கடன். அந்தக் கடனைக் கூலியில அடைக்க முடியாது. அப்பா போனதும் கடன் பையன் மேல வரும். ஓடிப் போனாலும் அடுத்த ஊர்லயும் நிலம் வேற யார்கிட்டயோதான் இருக்கு, அங்கேயும் சாதி கேட்பாங்க. கதவு திறந்துதான் இருந்துச்சு. வெளிய போறதுக்கு இடம்தான் இல்லை.

சட்டம் என்ன பண்ணுச்சு? திண்டுக்கல் பகுதி 1792-லயே கம்பெனி கைக்கு வந்தாச்சு. 1843-ல அடிமை முறையை நீதிமன்றம் அங்கீகரிக்காதுன்னு சட்டம் வந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, 1845-ல, அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானல்ல முதல் பங்களாக்களைக் கட்டினாங்க. 1863-ல லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். சட்டமும் வந்தாச்சு, துரைகளும் வந்தாச்சு. பண்ணையாள் காலையில எழுந்து அதே வயலுக்குத்தான் போனார். ஏன்னா சட்டம் கடனைத் தள்ளுபடி பண்ணலை, நிலமும் கொடுக்கலை.

பிடி தளர ஆரம்பிச்சது வேற வழியில: காபி. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், கீழ் மலையில காபித் தோட்டங்கள் வந்ததும் கையில காசு கொடுக்கிற இன்னொரு முதலாளி வந்துட்டார். முதல் தடவையா "இங்கே சரியில்லைன்னா அங்கே போறேன்"னு சொல்ல ஒரு இடம் கிடைச்சுது.

இங்கிலாந்துலயும் இதே கதைதான். 1348-49-ல பிளேக் வந்து மக்கள் தொகையில மூணுல ஒரு பங்குக்கு மேல செத்துப் போனாங்க. ஆள் தட்டுப்பாடு. மிஞ்சினவங்க கூலி அதிகமா கேட்டாங்க, பிரபுவை விட்டு நகர ஆரம்பிச்சாங்க. உடனே 1351-ல ஒரு சட்டம்: பிளேக்குக்கு முன்னாடி இருந்த கூலிக்குத்தான் வேலை செய்யணும். 1381-ல விவசாயிகள் லண்டனுக்கே படையெடுத்து, பண்ணையடிமை முறையை ஒழின்னு ராஜாகிட்ட கேட்டாங்க. 14 வயசு ரிச்சர்ட் ஒத்துக்கிட்டார், அப்புறம் வாக்கை வாபஸ் வாங்கிட்டார். ஆனாலும் அந்த முறை கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்து போச்சு.

நம்ம ஊர் முதலாளிகளும் சும்மா இல்லை. 1859-லயே ஒரு சட்டம் வந்தாச்சு: முன்பணம் வாங்கிட்டு வேலையை விட்டுப் போனா அது குற்றம், ஜெயில் வரைக்கும் போகலாம். தென்னிந்தியத் தோட்டங்கள்ல கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். பழைய கடன் புது பேர்ல வந்துச்சு. ஆளுக்குப் போக இடம் கிடைக்கிற ஒவ்வொரு தடவையும், அந்த இடத்தை அடைக்க ஒரு சட்டமோ கடனோ பின்னாடியே வருது.

கடைசியா 1976. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். நேரம் கிடைச்சா அதோட வரையறைப் பகுதியை மட்டும் படிங்க. முன்பணத்துக்காக, முன்னோர்கிட்ட இருந்து வந்த கடமைக்காக, வழக்கத்துக்காக, குறிப்பிட்ட சாதியில பிறந்ததுக்காக ஒருத்தர் உழைக்கணும்னு கட்டாயப்படுத்தி, வேற வேலைக்குப் போற உரிமையையோ நகர்ற உரிமையையோ பறிச்சா அது கொத்தடிமை. பழனி மலைப் பண்ணையாளோட வாழ்க்கை வரலாறு மாதிரி இருக்கும். இது இடைக்காலக் கதைன்னா, 1976-ல எதுக்கு இந்தச் சட்டம் தேவைப்பட்டுச்சு?

நம்ம ஐடி வேலையில பாண்ட், நோட்டீஸ் பீரியட்னு பேசும்போது "நாங்களும் கொத்தடிமைதான் ப்ரோ"ன்னு ஜோக் அடிப்போம். தயவுசெஞ்சு வேண்டாம். நம்மகிட்ட அடுத்த ஆஃபர் லெட்டர் இருக்கு. அது இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும்னு யோசிச்சாத்தான் பண்ணையாளோட நிலைமை புரியும்.

அடுத்த தடவை கொடைக்கானல் போனா பூம்பாறையில போட்டோ எடுங்க, பூண்டு வாங்குங்க. அப்படியே அந்த வயல்ல வேலை பார்க்கிறவங்ககிட்ட நிலம் சொந்தமா, குத்தகையா, கூலியான்னு பேச்சு கொடுத்துப் பாருங்க. நான் இன்னைக்குச் சொன்ன அடுக்குல எவ்வளவு மாறியிருக்கு, எவ்வளவு மாறலைன்னு அவங்க பதில்லயே தெரியும்.

அடுத்த எபிசோட்ல தஞ்சாவூர்ப் பண்ணைக்குப் போறோம். உங்க தாத்தா பாட்டிகிட்ட பண்ணையாள், படியாள் பத்திக் கேட்ட கதை இருந்தா, அவங்க எந்தப் பக்கம் இருந்திருந்தாலும் சரி, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.