கியர்பாக்ஸை இறக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

(லாரி உரிமையாளர்கள், ஓட்டுநர்கள் மற்றும் அவர்களின் குடும்பத்தினர் கலந்துகொண்ட கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியவர்களே, சகோதரர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

லாரி ஓட்டுவோரும் லாரி வைத்திருப்போரும் நம் ஊரில் ஏராளம். நம் அறக்கட்டளைக்கு வரும் வட்டியில்லாக் கடன் மனுக்களில் அடிக்கடி காணும் காரணம் ஒன்று உண்டு: "கிளட்ச் போய்விட்டது, வண்டி பட்டறையில் நிற்கிறது." வண்டி நின்றால் வாடகை நிற்கும். வாடகை நின்றாலும் மாதத் தவணை நிற்காது. ஆகவேதான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஓர் உரிமையாளரும் அவருடைய ஓட்டுநரும் வழக்கோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். சேலத்திலிருந்து பெங்களூருக்கு லோடு ஏற்றிப் போன டாரஸ் வண்டி, தொப்பூர் ஏற்றத்தில் இழுக்காமல் நின்றுவிட்டது. கிளட்ச் மாற்றி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. "கிளட்சில் காலை வைத்தபடியே ஓட்டி எரித்துவிட்டான்" என்று சொல்லி உரிமையாளர் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். "இல்லை பாய், நான் அப்படி ஓட்டுகிறவன் இல்லை" என்றார் அந்தத் தம்பி. நாங்கள் என்ன செய்தோம்? "முதலாளிக்கும் நஷ்டம்தானே தம்பி, பொறுத்துப் போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அடுத்த வாரம் வேறொரு மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கினார். ஃபிளைவீல் பக்கத்து லைனிங் முழுக்க எஞ்சின் ஆயில். கிரான்க் பின்பக்க ஆயில் சீல் கசிந்திருக்கிறது. போன முறை பிளேட்டை மாற்றியவர்கள் சீலைத் தொடவே இல்லை. பெல் ஹவுசிங் அடியில் ஆயில் சொட்டுவதைக் கிளீனர் பையன் பல நாளாகத் துணியால் துடைத்து வந்திருக்கிறான். அவனை யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உரிமையாளர் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாங்கள் அந்தத் தம்பியின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டோம். இனி விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வதில்லை என்று அன்று முடிவு செய்தோம்.

அதற்குப் பிறகு அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டதைத்தான் இப்போது பகிர்ந்துகொள்கிறோம்.

கிளட்ச் செய்யும் வேலை இரண்டே இரண்டு. பெடலில் கால் இல்லாதபோது எஞ்சினின் சக்தி முழுவதையும் நழுவவிடாமல் கியர்பாக்ஸுக்குக் கொடுக்க வேண்டும். பெடலை மிதித்தால் அந்தத் தொடர்பை முழுவதுமாக அறுக்க வேண்டும். முதல் வேலை கெட்டால் ஸ்லிப். இரண்டாவது வேலை கெட்டால் கியர் கடிக்கும். இந்த இரண்டுக்கும் காரணங்கள் வேறு, மருந்தும் வேறு. "கிளட்ச் சரியில்லை" என்று மட்டும் பட்டறையில் சொன்னால், பிளேட்டை மாற்றுவதில்தான் போய் முடியும்.

ஸ்லிப்பை எப்படி அறிவது? ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி வேகம் ஏறாது. கருகிய வாடை வரும். உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. சமதளத்தில், முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, மேல் கியரில் வைத்துக் கிளட்சை மெல்ல விட வேண்டும். எஞ்சின் திணறி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது என்று பொருள். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்லிப். ஒரு முறை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் எரிந்துவிடும்.

ஸ்லிப் என்றவுடன் பிளேட் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் பெடலின் ஃப்ரீ பிளே இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே இருக்கும். அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் உள்ளதே சரியான அளவு. சில வண்டிகளில் அது தானாகவே சரிசெய்துகொள்ளும், அங்கே கை வைக்க வேண்டாம். அடுத்து, ஸிலிப் இருக்கும்போது பூஸ்டரின் பிளீடர் திருகைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பீச்சி வந்து, அதன்பின் ஸ்லிப் நின்றுவிட்டால், லைனில் அழுத்தம் திரும்பாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. கோளாறு மாஸ்டர் சிலிண்டரிலோ பூஸ்டரிலோ இருக்கிறது, பிளேட்டில் இல்லை. மூன்றாவதாக, பெல் ஹவுசிங் அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, காரமான வாடையோடு இருந்தால் கியர் ஆயில். எந்த சீல் போயிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். சில வண்டிகளின் பூஸ்டரில் பிளேட் தேய்மானத்தைக் காட்டும் அடையாளக் கம்பி வெளியே தெரியும், அதையும் பார்க்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஸ்லிப் ஆனால்தான் பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, கியர் கடிப்பது. எஞ்சினை ஐடிலில் விட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, பத்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் நறநறவென்று கடித்தால் தொடர்பு முழுதாக அறுபடவில்லை. பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் செய்தபின் கியர் விழுகிறதா? அப்படியென்றால் லைனில் காற்று இருக்கிறது அல்லது கசிவு இருக்கிறது. மிதித்தபடி வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பரைப் பாருங்கள். பெடல் கல் போல இருக்கிறதா? ஏர் கேஜைப் பாருங்கள். காற்று இல்லாமல் பூஸ்டர் உதவாது. பெடலுக்குக் கீழே தரைவிரிப்பு மடிந்து கிடந்து முழு மிதி கிடைக்காமல் போவதும் உண்டு!

கடைசியாக ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பூஸ்டரின் புஷ் ராடு எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். நகர்வு குறைந்தால் கோளாறு வெளியே, கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லை. நகர்வு முழுதாக இருந்தும் கடித்தால் கோளாறு உள்ளே: வளைந்த பிளேட், ஸ்ப்லைனில் இறுகிய ஹப், சிக்கிய பைலட் பேரிங், தேய்ந்த ஃபோர்க். இந்த ஒரு அளவு பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

சத்தமும் சாட்சி சொல்லும். நியூட்ரலில், கால் எடுத்த நிலையில் வரும் சத்தம், பெடலை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பாருங்கள். மிதித்தவுடன் சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். வண்டி புறப்படும்போது உடல் குலுங்கினால், பிளேட்டைக் குறை சொல்லும் முன் எஞ்சின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட், ஜாயின்ட் குறுக்குகளைப் பாருங்கள்.

கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்றால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், இரண்டு பக்க சீல், ஃபிளைவீலின் முகம் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். ஒரு சீலுக்குக் கணக்குப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன சம்பவம் காட்டுகிறது. கிளட்ச் ஆயில் டப்பாவில் வண்டிக்குச் சொல்லப்பட்ட பிரேக் ஆயிலையே ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். பட்டறையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒன்று: லைனிங் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலைக் கெடுக்கும்.

இது பணப் பிரச்சினை மட்டுமல்ல. தொப்பூர் போன்ற இறக்கத்தில் கீழ் கியருக்கு மாற்றப் போய், கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் பிடி போய்விடும். முழு லோடையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். சூடேறிய பிரேக் பிடிக்காது. கியர் கடிக்கும் வண்டியை "இந்த ஒரு டிரிப் மட்டும்" என்று மலைப்பாதைக்கு அனுப்பாதீர்கள். அந்த வண்டியில் இருப்பவர் ஒரு வீட்டின் தகப்பன், ஒரு தாயின் மகன். எதிரே வருபவருக்கும் குடும்பம் இருக்கிறது.

ஓட்டுநர் தம்பிகளே, தவறு உங்கள் பக்கம் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். கிளட்ச் பெடலைக் கால்மணையாக்குவது, ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது, லோடு வண்டியை மூன்றாம் கியரில் கிளப்புவது, இவை மூன்றும் பிளேட்டைத் தின்றுவிடும். வண்டி உங்கள் கையில் இருக்கும் அமானத். உரிமையாளர்களே, அளவுக்கு மேல் லோடு ஏற்றச் சொல்லிவிட்டு, எரிந்த பிளேட்டுக்கு ஓட்டுநரைப் பொறுப்பாக்காதீர்கள். காரணம் தெரியும்வரை சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

சகோதரிகளே, வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். வண்டி வந்ததும் தேதி, கிலோமீட்டர், என்ன கோளாறு, எப்போது வந்தது, எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று எழுதி வையுங்கள். கழற்றிய பழைய பாகத்தைப் பட்டறையில் விட்டுவிடாமல் வாங்கி வரச் சொல்லுங்கள். நாளை ஒரு வழக்கு வந்தால் அந்த நோட்டும் அந்தப் பாகமும் பேசும்.

இனி கிளட்ச் பழுதுக்குக் கடன் கேட்டு வருபவர்களிடம் நாங்கள் இரண்டு கேள்வி கேட்போம்: ஸ்லிப்பா, கியர் கடிக்கிறதா? புஷ் ராடு அளந்தார்களா? கடனைத் தட்டிக்கழிக்க அல்ல. நீங்கள் திருப்பிக் கட்டப்போகும் பணம் வீணாகப் போய்விடக் கூடாது என்பதற்காகவே கேட்கிறோம். பதில் தெரியாவிட்டாலும் வாருங்கள், சேர்ந்தே போய் மெக்கானிக்கிடம் கேட்போம், இன்ஷா அல்லாஹ்.

சாலையில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரும் நலமாக வீடு திரும்பட்டும். வஸ்ஸலாம்.