மூளைக்குள் ஓடும் நீர்



கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தாய்மார்கள் உச்சிக்குழியை அறிவார்கள். அந்த மெத்தென்ற இடத்திற்குக் கீழே, மூளையின் உள்ளே, தெளிந்த நீர் நிறைந்த நான்கு அறைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம்.

வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என இரண்டு பெரிய அறைகள். அவற்றின் நீர் நடுவிலுள்ள மூன்றாம் அறைக்கு வருகிறது. அங்கிருந்து மிகக் குறுகிய குழாய் வழியாக நான்காம் அறைக்கு இறங்குகிறது. பின்பு வெளியேறி, மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றிவந்து இரத்தத்தில் கலக்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஒரு நேரத்தில் இருக்கும் நீர் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர். ஒரு நாளில் ஊறுவதோ சுமார் 500 மில்லிலிட்டர்!

லயத்துக் குழாயடியை நினைத்துப் பாருங்கள். கால்வாயில் இலை அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி வாசலுக்கு வந்துவிடும் அல்லவா? மூளையிலும் அப்படித்தான். வழி அடைபட்டாலும் நீர் ஊறுவது நிற்பதில்லை. அறைகள் வீங்கி மூளையை நெருக்குகின்றன. குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்று சேராததால் தலை பெருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்தில் ஒரு குழந்தைக்கு இப்படி நேர்ந்தது. கண்ணேறு என்று கழிப்புக் கழித்தார்கள். பெரிய தலை, அறிவாளிப் பிள்ளை என்றும் சிலர் சொன்னார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் பார்த்தோம், வாய் திறக்கவில்லை. பல மாதங்கள் கழித்து அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தது, பார்வை திரும்பவில்லை. அந்த மௌனத்திற்காக நாங்கள் இன்றும் வருந்துகிறோம்.

இதற்குச் சிகிச்சை உண்டு. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்பவர் இந்நோய் கண்ட தம் மகனுக்காக ஒரு சிறு வால்வை உருவாக்கினார். அவர் மருத்துவர் அல்லர். தொழிற்சாலையில் வேலை செய்தவர். வால்வு பொருத்திய மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் செலுத்தி, மிகுதி நீரை வயிற்றுக்குள் வடியவிடுவது இன்று வழக்கமான சிகிச்சை.

ஆகவே தாய்மார்களே, சுகாதார நிலையத்தில் தாதி குழந்தையின் தலையை நாடாவால் அளப்பதை வீண்வேலை என்று எண்ணாதீர்கள். தலை வேகமாகப் பெருத்தாலோ, அழாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருந்தாலோ, கண்கள் கீழ்நோக்கியே செருகினாலோ, ஓயாமல் வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய தலையெல்லாம் நோயல்ல. ஆனால் எது நோய் என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் இவற்றைக் கண்டாலும் தயங்காமல் சொல்லுங்கள்.