ஓடும் உறுதிமொழியும்



சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாரூரிலே அருளிய திருத்தொண்டத்தொகையில், தில்லைவாழ் அந்தணர் என்னும் திருக்கூட்டத்தாரை அடுத்து, தனியடியார்களுள் முதல்வராக வைத்துப் போற்றியது யாரை? முடிமன்னரை அன்று; தில்லைப்பதியிலே மண் பிசைந்து கலம் வனைந்து வாழ்ந்த திருநீலகண்டக் குயவனாரை. அவர் குருபூசை தை விசாகத்தன்று நிகழ்வது நாம் அறிந்ததே.

நாயனார் செய்த தொண்டு யாது? சிவனடியார்கள் உணவு ஏற்று உண்பதற்குத் திருவோடு வனைந்து, விலை கொள்ளாமல் அளித்தார், அவ்வளவுதான். தம் கைத்தொழிலையே சிவபூசை ஆக்கிக்கொண்டார்.

அத்தொழிலின் இயல்பைச் சிறிது காண்போம். மண்ணெடுத்துக் கல்லும் வேரும் களைந்து, நீர் வார்த்து மிதித்துப் பதப்படுத்துவர். சக்கரத்தின் நடுவே வைத்துச் சுழற்றி, விரலால் வாய் விரித்து, நூலால் அறுத்தெடுப்பர். நிழலில் உலர்த்திச் சூளையில் அடுக்குவர். சூளை ஏறுமுன் அது பச்சை மண். பிழை நேர்ந்தால் கரைத்து மீண்டும் வனையலாம். வெந்தபின் அது களிமண்ணாகத் திரும்பாது. உடைந்தாலும் ஓடாகவே கிடக்கும்.

நாயனாரது வாழ்வும் இவ்வாறே அமைந்தது. இளமையில் அவர் பரத்தைபாற் சென்று மீண்டார். மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு, தம்மைத் தீண்டலாகாது என்றார். அப்போது அவ்வம்மையார் 'என்னை' என்னாது 'எம்மை' என்று பன்மையிற் கூறினார். அச்சொல்லைக் கேட்ட நாயனார், மற்றை மாதரையும் மனத்தாலும் தீண்டேன் என்று உறுதி பூண்டார். பச்சை மண்ணாய் இருந்த உள்ளம் அன்று சூளையில் வெந்தது. ஒரே வீட்டில், அயலார் அறியாமல், இருவரும் முதுமை எய்தும்வரை அந்த ஆணையைக் காத்தனர்.

அதனை உலகறியச் செய்ய இறைவன் சிவயோகியாய் வந்தான். ஓர் ஓட்டை அடைக்கலமாகத் தந்து சென்று, அதனைத் தானே மறைத்து, பின்னொரு நாள் வந்து திருப்பிக் கேட்டான். எத்தனையோ அடியார்க்கு ஓடு ஈந்த கைகள் அந்த ஓர் ஓட்டைத் தேடித் தவித்தன. புதிய ஓடு தருவதாக நாயனார் இரந்தார். பொன்னால் செய்து தந்தாலும் தன் மண்ணோடே வேண்டும் என்றான் யோகி. ஏன்? பண்டத்துக்கு ஈடு உண்டு, அடைக்கலத்துக்கு ஈடில்லை. கொடுத்த வாக்கும் அத்தகையதே.

களவு செய்யவில்லையேல் மனைவியின் கைபற்றிக் குளத்தில் மூழ்கிக் காட்டு என்றான் யோகி. தில்லைவாழ் அந்தணர் அவையிலும் அதுவே தீர்ப்பாயிற்று. அன்பர்களே, இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குங்கள். கையைப் பற்றிவிட்டால் கள்வன் என்னும் பழி தீரும், ஆணை கெடும். நாயனார் ஒரு மூங்கிற்கோலின் இருமுனைகளை இருவரும் பற்றுமாறு செய்தார். கையையே பற்றுக என்று யோகி வற்புறுத்தவே, தம் இளமைப் பிழையை அயலார் அனைவரும் கேட்கத் தாமே எடுத்துரைத்தார். மானத்தினும் திருநீலகண்டம் பெரிது என்று கண்டார். மூழ்கி எழுந்தவர்கள் முதுமை நீங்கி இளமையோடு எழுந்தார்கள். சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயிலும் அதன் திருக்குளமும் இவ்வரலாற்றை இன்றும் நினைவூட்டுகின்றன.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டியவை இரண்டு. இல்லறத்தில் சொன்ன சொல்லைப் பிறர் காணாத இடத்திலும் காப்பது ஒன்று. மற்றொன்று, அன்றாடம் புழங்கும் கலத்தைச் செய்யும் கையைப் போற்றுவது. எவர்சில்வர் வந்தபின் நம் அடுக்களையில் மண்கலம் அருகிவிட்டது. பொங்கற் பானைக்கும் கார்த்திகை அகலுக்கும் மட்டும் குயவரைத் தேடுகிறோம். தேடிச்சென்றும் ஓர் அகலுக்கு விலை குறைத்துக் கேட்கிறோம். நாயன்மார் திருமேனிக்கு மாலை சாத்திய கை, வெளியே வந்து அவர் மரபினரிடம் பேரம் பேசுவது தகுமா? கேட்ட விலையைக் கொடுத்து வாங்குவோம். அவ்வகலில் ஏற்றும் ஒளி முதலில் நம் உள்ளத்தைக் காட்டட்டும்.

திருச்சிற்றம்பலம்.