பல்கலைக்கழகத்துக்கு முன்பே தொடங்கிய படிப்பு



ஆய்வாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் நூலகர்களும் வாசகர் வட்டத்து நண்பர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்தில் விளைந்த அறிவை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மக்கள் கல்வி என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆப்பிரிக்க வரலாற்றைப் பொறுத்தவரை நடந்தது நேர்மாறு. ஊர்தான் முதலில் படித்தது. பல்கலைக்கழகம் வெகு காலம் கழித்து வந்து சேர்ந்தது.

கார்ட்டர் உட்சனைப் பாருங்கள். 1875இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். இளவயதில் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்க வேலை. அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்றொரு தொழிலாளி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் கறுப்பின எழுத்தாளர்களின் புத்தகங்களை வாங்கி வீட்டில் சேர்த்து வைத்திருந்தார். வேலை முடிந்ததும் சுரங்கத்து ஆட்கள் அங்கே கூடுவார்கள். உட்சன் செய்தித்தாளை உரக்க வாசிப்பார். கூலியாகத் தின்பதற்கு ஏதாவது கிடைக்கும். வாசிப்பு நடுவிலேயே நின்று, பேச்சு தாங்கள் கண்ட போருக்கும் அரசியலுக்கும் தாவிவிடும். தம் மக்களின் கடந்த காலத்தைத் தோண்டிப் பார்க்கும் ஆர்வம் அந்த வீட்டில்தான் ஆழப்பட்டது என்று உட்சன் பின்னாளில் சொன்னார். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றது 1912இல். படிப்பின் வரிசையைக் கவனியுங்கள்: கேட்டவர்கள் முன்னால், பட்டம் பின்னால்.

1915இல் வரலாற்றுச் சங்கம் தொடங்கினார், மறு ஆண்டே ஆய்விதழ். அதோடு நின்றிருந்தால் அவர் பெயர் அடிக்குறிப்புகளில் மட்டும் இருந்திருக்கும். 1926 பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். லிங்கன், ஃபிரெடரிக் டக்ளஸ் ஆகிய இருவரின் பிறந்த நாள்களை மக்கள் ஏற்கெனவே கொண்டாடிவந்த வாரம் அது. புதிதாக ஒரு நாளைக் குறித்து, ‘எல்லாரும் வாருங்கள்’ என்று அவர் அழைக்கவில்லை. கூட்டம் இருக்கும் இடத்துக்குப் பாடத்தை எடுத்துக்கொண்டு போனார். ஆசிரியர்களுக்குப் பாடக்குறிப்பு, படங்கள், பள்ளியில் நடிக்கச் சிறு நாடகங்கள் எல்லாம் சங்கத்திலிருந்து அஞ்சலில் போயின.

அதே 1926இல் கறுப்பின வரலாறு பற்றி ஆர்துரோ ஷோம்பர்க் சேர்த்த புத்தகங்களையும் கையெழுத்துப் படிகளையும் 10,000 டாலருக்கு வாங்கி, நியூயார்க் பொது நூலகத்தின் ஹார்லெம் கிளையில் வைத்தார்கள். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த அவர் பேராசிரியர் அல்லர். வங்கியொன்றின் தபால் பிரிவில் வேலை பார்த்தவர்.

இனி நம் பக்கம். தமிழ் வாசகருக்கு அடிமை வணிகம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ‘ஏழு தலைமுறைகள்’. அலெக்ஸ் ஹேலியின் நாவல் நம் ஊர்களில் செய்த வேலையை எந்தப் பாடநூலும் செய்ததில்லை. ஆனால் அது ஒரு பக்கவிளைவையும் விட்டுச் சென்றது. அடிமைக் கப்பல் என்றால் அமெரிக்காவுக்குத்தான் போனது என்று நினைத்துக்கொண்டோம். ஆய்வாளர்கள் கப்பல் பயணங்களை ஒவ்வொன்றாகத் தொகுத்துப் போட்டுள்ள கணக்கின்படி, ஆப்பிரிக்கக் கரையில் ஏற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரை இறங்கியவர்கள் 1 கோடியே 7 லட்சம். இடைப்பட்ட 18 லட்சம் பேர் கடலோடு போனார்கள். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டு மண்ணில் ஆப்பிரிக்காவிலிருந்து நேரே இறக்கப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலில் இறங்கியவர்கள் 48 லட்சத்தை ஒட்டி. இந்தக் கணக்கு தெரியாமல் வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டால் அம்புக்குறி தப்பான இடத்துக்குத்தான் போகும்.

இன்னொன்று, ஆப்பிரிக்க வரலாற்றின் முதல் பாடமாக அடிமைக் கப்பலை வைக்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கப்பலின் அடித்தளத்தில் தொடங்கினால், அதில் கிடப்பவருக்கு ஊரோ அரசோ மொழியோ இருந்ததாகவே பிள்ளைக்குத் தோன்றாது. கொங்கோ நாட்டு அரசர் முதலாம் அஃபோன்சோ 1526இல் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கலாம். வணிகர்கள் எம் குடிமக்களையும் பிரபுக்களின் பிள்ளைகளையும் எம் உறவினரையும்கூடப் பிடித்துப் போகிறார்கள், நாடு ஆளின்றிப் போகிறது என்கிறார். குருக்களும் ஆசிரியர்களும் வந்தால் போதும். திருப்பலிக்கு வேண்டிய திராட்சை இரசமும் மாவும் தவிர உங்கள் சரக்கு எதுவும் எமக்கு வேண்டாம் என்கிறார். அரசருக்கு அரசர் எழுதும் தோரணை அது. அதே அஃபோன்சோ போர்க்கைதிகளை விற்றவரும்கூட. சுதந்திரக் குடிகளைப் பிடித்ததே அவருடைய வழக்கு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1727இல் உய்தா துறைமுகத்தைப் பிடித்து மனித விற்பனையில் செழித்த தஹோமி அரசைப் பற்றியும் மழுப்ப வேண்டியதில்லை. ஆப்பிரிக்கர்களே விற்றார்கள், ஐரோப்பியர் வாங்க மட்டும்தான் செய்தார்கள் என்று வாதிடுகிறவர்கள் நம் மௌனத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

மக்கள் கல்விக்கும் ஆய்வுக்கும் நேரடியாக முட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு: செனகலில், டக்கார் நகருக்கு எதிரே உள்ள கோரே தீவு. அங்கே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய ‘அடிமைகளின் வீடு’. கடலைப் பார்த்து ஒரு வாசல், அதற்குத் ‘திரும்பி வராத வாசல்’ என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்த பூபகர் ஜோசஃப் ந்தியாய் அதன் காப்பாளர். 2009இல் இறக்கும்வரை, பல பத்தாண்டுகள், விலங்கைக் கையில் எடுத்துக் காட்டி, பார்க்க வந்தவர்களிடம் அந்தக் கதையைச் சொன்னார். மண்டேலா வந்தார். 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வந்து மன்னிப்புக் கேட்டார். பிரச்சினை என்னவென்றால், அந்த வாசல் வழியே போனதாக அவர் சொன்ன எண்ணிக்கைக்கு ஆவண ஆதாரம் இல்லை. வாசலுக்கு வெளியே கரை முழுக்கப் பாறை; அங்கே கப்பல் அணைய முடியாது. அமெரிக்க வரலாற்றாளர் ஃபிலிப் கர்ட்டின் போன்றோர் 1990களில் இதை எடுத்துச் சொன்னபோது கோபம் கிளம்பியது. செனகாம்பியாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் செயின்ட் லூயியிலும் காம்பியா ஆற்று முகத்திலும் ஏற்றப்பட்டவர்கள். மொத்த வணிகத்தில் பெரும் பங்கு இன்னும் தெற்கே, அங்கோலாவும் கொங்கோவும் உள்ள மேற்கு மத்திய ஆப்பிரிக்காவில். ஏறத்தாழ 57 லட்சம் பேர் அங்கிருந்து போனார்கள்.

என் கட்சி எது என்று கேட்பீர்கள். எண்ணில் கர்ட்டின் சரி. மிகைப்படுத்திய ஓர் எண் பிடிபட்டால், உண்மையான 1 கோடியே 25 லட்சத்தையும் சந்தேகிக்க ஆள் வந்துவிடும். ஆனால் திருத்திய அறிஞர்கள் அந்த வாசலுக்கு ஈடாக மக்கள் போய் நிற்க வேறோர் இடத்தைக் காட்டவில்லை. பிழை திருத்தியதோடு கடமை முடிந்தது என்று போய்விட்டார்கள். ந்தியாய் அப்படிப் போகவில்லை, தினமும் வந்து நின்றார். இந்த இரண்டு குணமும் ஒரே இடத்தில் கூடுவது அபூர்வம். ரியோ டி ஜனேரோவில் அது ஓரளவு கூடியிருக்கிறது. 1996இல் காம்போவா பகுதியில் ஒரு குடும்பம் வீட்டைப் பழுது பார்க்கத் தரையைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. கப்பலிலிருந்து இறங்கி விற்கப்படுவதற்குள் செத்தவர்களைப் போட்டு மூடிய மயானம் அது. அந்தக் குடும்பத்தார் வீட்டையே அருங்காட்சியகமாக்கினார்கள். தொல்லியல் ஆய்வாளர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதே கூடத்துக்கு வருகிறார்கள். பக்கத்தில் அடிமைக் கப்பல்கள் வந்து சேர்ந்த வலோங்கோ துறை 2011இல் தோண்டி எடுக்கப்பட்டு, 2017இல் உலக மரபுச் சின்னமானது.

நமக்கும் இதில் ஒரு நூல் ஓடுகிறது. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணி கம்பெனிக் கப்பல்களில் ஐரோப்பா போய் ஏலமாகி, அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், மனிதர்களுக்கு விலையாகக் கைமாறியது. நெய்தவருக்கு அது எங்கே போகிறதென்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதற்காக நம் பொருளியல் வரலாற்றில் அந்தத் துணி ‘ஏற்றுமதி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாளைய மூன்றாம் அமர்வு இதற்காகவே.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒன்பதாம் வகுப்புக்கு எடுத்துப் போகக்கூடிய ஒரே ஓர் ஆவணத்தைக் காட்டுங்கள். கடிதமோ, கப்பல் பட்டியலோ, வரைபடமோ எதுவானாலும் சரி. கேள்வி நேரத்தில் முதல் கேள்வி பள்ளி ஆசிரியருக்கு. மதிய உணவுக்குப் பின் கணினி அறையில் கப்பல் பயணத் தரவுத்தளத்தைத் தேடிப் பார்க்கப் பயிற்சி இருக்கிறது. 36,000 பயணங்கள், கட்டணமில்லை, செல்பேசி இருந்தால் போதும். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.