காசநோயும் குடும்பக் கடனும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விச் சங்க மேடையில் நோயைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். பல நாள் வராத மாணவனைத் தேடி நம் குடியிருப்புகளுக்குச் செல்லும் ஆசிரியர்களாகிய நாம், சில வீடுகளில் இருமலையே விடையாகக் கேட்கிறோம். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 304 நோயாளிகளிடம் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதனை எண்ணிக் காட்டியது. நோயுற்றோர் சராசரியாக 83 வேலை நாட்களை இழந்தனர். அவர்தம் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளுள் நூற்றுக்குப் பதினொருவர் படிப்பை நிறுத்தினர். மேலும் எண்மர் குடும்பத்தைக் காக்க வேலைக்குப் போயினர்.

1956-இல் தொடங்கிய இந்நிலையமே, வீட்டிலிருந்து மருந்துண்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பதற்கு ஈடாகக் குணமாகும் என்று 1959-இல் உலகிற்கு மெய்ப்பித்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரையும் இலவசம். பின் கடன் எங்கிருந்து வருகிறது?

நோய்க்குப் பெயர் தெரியுமுன்பே வந்துவிடுகிறது. மருந்துக்கடை இருமல் மருந்து, தனியார் வைத்தியம், ஊடுகதிர்ப் படம், பேருந்துக் கட்டணம் என்று கைப்பணம் கரைகிறது. தோடு அடகுக்குப் போகிறது. பிறகு ஆறு மாதச் சிகிச்சை. கரும்பு வெட்டவும், சூளையில் கல் சுமக்கவும், மரக்காணம் உப்பளத்தில் நிற்கவும் உடல் இடங்கொடாது. கூலி இல்லையேல் அடுப்பு ஏது? இரண்டு மாதத்தில் இருமல் தணிந்ததும் மாத்திரையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். மீண்டு வரும் நோய் மருந்துக்கு மசியாததாகவும் வரக்கூடும். அறியாமை என்று இதனைப் பழிப்போர் ஒரு மாதம் கூலியின்றி இருந்து பார்க்கட்டும்!

சத்துணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் மத்திய அரசு வழங்குகிறது. நன்றியுடன் ஏற்போம், ஆயினும் நாளொன்றுக்கு 33 ரூபாய் முட்டைக்கும் பாலுக்கும் ஆகுமேயன்றிக் கூலிக்கு ஈடாகாது.

ஆகவே இரு வாரத்துக்கு மேல் இருமுவோரைத் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சளிப் பரிசோதனைக்கு உடனே அனுப்புங்கள், கட்டணம் இல்லை. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் பேருந்துச் செலவும் நோட்டுப் புத்தகமும் சங்கம் ஏற்க வேண்டுகிறோம். பெயர்களை மேடையில் வாசிக்க வேண்டா. மணமாக வேண்டிய பெண்கள் அவ்வீடுகளில் இருக்கிறார்கள். ஆசிரியரும் செயலாளரும் மட்டும் அறிந்தால் போதும்.