ஈரலில் நாய்ப்புழுக் கட்டி: ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்



ஆடும் நாயும் வளர்க்கும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நோய் ஒன்று உண்டு. டாக்டர்கள் இதை ஹைடாடிட் கட்டி என்பார்கள்.

நாயின் குடலில் அரிசி மணி அளவே உள்ள நாடாப்புழு வாழ்கிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு புல்லில் விழுகின்றன. மேயும் ஆட்டின் ஈரலில் கட்டி உண்டாகிறது. ஆடு அறுக்கும்போது அந்த ஈரலை நாய்க்கு வீசுகிறோம். நாய்க்கு மறுபடியும் புழு! நாயைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட்டால், கழுவாத பச்சைக் காய்களைத் தின்றால், முட்டை நம் வயிற்றுக்குள் போகிறது.

"கறி தின்றதால் வந்தது" என்பது தவறு. புருஷனிடமிருந்து பெண்சாதிக்குத் தொற்றாது. பரம்பரை நோயும் அல்ல.

கட்டி பல வருஷம் சத்தமில்லாமல் வளரும். வலது விலாவுக்குக் கீழே பாரம், வலி, சிலருக்கு மஞ்சள்காமாலை வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்கள். வயிற்றை அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். கட்டி உடைந்து நீர் சிந்தினால் உயிருக்கே ஆபத்து. வயிற்றுக்குள் புதுக் கட்டிகளும் முளைக்கும்.

எல்லாக் கட்டிக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. சிறியதற்கு ஆல்பெண்டசோல் மாத்திரை போதலாம். சிலவற்றை ஸ்கேன் பார்த்தபடியே ஊசியால் வடிப்பார்கள். செத்துச் சுண்ணாம்பாகிப்போன கட்டியைக் கவனித்து வந்தால் போதும். பெரிய கட்டி, உடையும் நிலையில் உள்ளது, பித்தக்குழாயில் திறந்துகொண்டது ஆகியவற்றுக்கு ஆபரேஷன் தேவை.

பயம் வேண்டாம். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். புழுவைக் கொல்லும் உப்புநீரில் நனைத்த துணியைச் சுற்றிலும் வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் நீரை உறிஞ்சி, உள்தோலை எடுத்துவிடுவார்கள். பித்தம் கசிந்தால் அந்த இடத்தைத் தைப்பார்கள். சில நாள் வடிகுழாய் இருக்கும்.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் மாத்திரை உண்டு. தம்பதிகளே, இதைக் கவனியுங்கள்! இந்த மாத்திரை கருவைப் பாதிக்கலாம். சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாள் தள்ளியிருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். கட்டி திரும்ப வரக்கூடும். ஆகவே சில வருஷம் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை மூன்று:

1. கட்டியுள்ள ஈரல், நுரையீரலை நாய்க்குப் போடாதீர்கள். ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.
2. கால்நடை மருத்துவரிடம் கேட்டு நாய்க்குப் பூச்சிமருந்து கொடுங்கள்.
3. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

வீட்டுக்காரிக்கு வலி என்றால், "அறுவடை முடியட்டும்" என்று நாள் கடத்தாதீர்கள், ஐயா. கூடவே நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.